செந்தேளும் கினினும்

சென்ற ஆண்டு எம் பாட்டியார்க்கு இருமல் கண்டது. சளியில்லை, சுரமில்லை, தொண்டையில் மயிரிழை ஒன்று கிடந்து உறுத்துவது போன்றதொரு வறட்டிருமல். பகலிற் சற்றே அடங்கும். இரவிற் படுத்தால் மிகும். ஐந்து மாதங்கள் இவ்வாறே கழிந்தன. ஆடாதொடைக் கஷாயமும், சிற்றரத்தையும், கடைகளில் விற்கும் இருமல் மருந்துகளும் ஒன்றன்பின் ஒன்றாய் முயன்று பார்க்கப்பட்டன. காசநோயாயிருக்குமோ என்று ஐயுற்று மார்புப் படமும் எடுக்கப்பட்டது; அதிற் குற்றமொன்றும் காணப்படவில்லை. ஆயினும் ஊர் வாயை மூடுதல் எளிதோ? ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் முன்வரிசையிலமர்ந்து பாடும் வழக்கமுடைய அவர், தாமாகவே கடைசிப் பெஞ்சிற்குக் கதவோரமாய் ஒதுங்கலானார். முடிவில் மருத்துவர் ஒருவர், மார்பைச் சோதிக்குமுன் ஒரு வினா வினவினார்: “அம்மா, இரத்த அழுத்தத்திற்கு எந்த மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?” பாட்டியார் முந்தானை முடிச்சை அவிழ்த்து மாத்திரைப் பட்டையைக் காட்டினார். அதில் எனாலப்பிரில் என்று எழுதியிருந்தது. மருத்துவர் அதனை நிறுத்தி வேறொன்று எழுதித் தந்தார். மூன்று வாரத்தில் இருமல் அறவே நின்றது.

வீட்டில் யாவரும் மகிழ்ந்தனர். எனக்கோ ஒரு வினா எஞ்சிற்று. இரத்தக் குழாய்களைத் தளர்த்துதற்காக உண்ணும் மாத்திரை, தொண்டையை ஏன் அரிக்க வேண்டும்? யான் தமிழிலக்கியம் பயில்பவன். மருத்துவ நூல் அறிந்தவனல்லேன். எனினும் விலங்கியல் வகுப்பு நண்பர் ஒருவரின் துணைகொண்டு நூல்நிலையத்தில் இவ்வினாவைப் பின்தொடர்ந்தேன். அது ஜெர்மனி, பிரேசில், இலண்டன் எனப் பல இடங்கள் சுற்றி, கடைசியில் நம் புதுச்சேரிக் கிராமங்களிற் குழந்தைகளைக் கொட்டும் செந்தேளிடம் என்னைக் கொண்டுவந்து விட்டது. அவ்வழியிற் கண்டவற்றை எளிய முறையில் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் வரலாறு. மனிதரின் சிறுநீரைப் பிராணிகளின் இரத்தத்திற் செலுத்தினால் அவற்றின் இரத்த அழுத்தம் தாழ்கின்றது என்பதை 1909-ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் இருவர் கண்டனர். கழிவுப்பொருளென்று நாம் எண்ணும் சிறுநீரில் இத்தகைய ஆற்றல் எவ்வாறு வந்தது? ஜெர்மனி நாட்டு அறுவை மருத்துவர் ஃப்ரை என்பார் 1926-ஆம் ஆண்டு முதல் இதனை விடாது ஆராய்ந்தார். கிரௌட், வெர்லே என்னும் அறிஞர் அவருக்குத் துணை நின்றனர். அப்பொருள் கணையத்தில் மிகுதியாயிருத்தலைக் கண்டு, கணையத்திற்குக் கிரேக்கர் வழங்கிய ‘கல்லிக்ரெயாஸ்’ என்னும் பழம்பெயரினின்றும் சொல்லை ஆக்கி, 1930-இல் அதற்குக் ‘கல்லிக்ரீன்’ என்று பெயரிட்டனர். 1937-இல் வெர்லே மேலும் ஓர் உண்மையை வெளியிட்டார். கல்லிக்ரீன் தானே இரத்தக் குழாயைத் தளர்த்துவதன்று. இரத்தத்திலுள்ள ஒரு புரதத்தை வெட்டி, அதினின்றும் வேறொரு பொருளை வெளிப்படுத்துகின்றது. தொழில் செய்வது அப்பொருளே என்பதுதான் அது.

இஃது இங்ஙனமாக, 1949-ஆம் ஆண்டில் பிரேசில் நாட்டு சாவோ பாவ்லோ நகரில் ரோஷா இ சில்வா, பெரால்டோ, ரோசன்ஃபெல்டு என்னும் மூவர் வேறொரு வழியாய் அவ்விடத்திற்கே வந்து சேர்ந்தனர். அந்நாட்டில் ஜராராக்கா என்றொரு விரியன் இனப் பாம்பு உண்டு. அதன் நஞ்சு ஏறிய நாயின் இரத்தத்தைக் கினிப்பன்றியின் குடற்றுண்டின்மேற் செலுத்தியபோது, குடல் மெல்ல மெல்லச் சுருங்கிற்று. நஞ்சு மட்டும் அவ்வாறு சுருக்கவில்லை. இரத்தத்திலிருந்து நஞ்சு விடுவித்த ஏதோ ஒன்றே சுருக்கிற்று. ‘மெதுவாய் அசைப்பது’ என்னும் பொருள்பட அதற்குப் ‘பிராடிகினின்’ என்று பெயர் தந்தனர். ஒன்பது அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சிறு சரமே அது என்பது 1960-இல் தெளிவாயிற்று. இதனையும் இதன் உறவினப் பொருள்களையும் சேர்த்துக் கினின்கள் என்பர். மலேரியாக் காய்ச்சலுக்குத் தரும் குவினைன் வேறு, இக்கினின் வேறு. பெயரொலி கண்டு மயங்கற்க.

இனி, இவ்வொழுங்கு உடம்பினுள் நடைபெறுமாற்றை அறிய நம் பாகூர் ஏரியை நினைந்து கொள்வோம். ஏரியில் நீர் தேங்கி நிற்கும்வரை கழனிக்குப் பயனில்லை. மடை திறப்போன் வந்து மதகைத் திறந்தால் நீர் பாயும். வேண்டிய அளவு பாய்ந்தபின், மிகுந்த நீர் வடிகால் வழியே கழியும். மடை திறப்போன் மனம்போனவாறு திறவாதபடி தடுக்கும் மேலாளும் ஒருவன் உண்டு. நம் இரத்தத்திலும் இந்நான்கும் உள. கினினோஜன் என்னும் புரதமே தேங்கிய நீர். அது கல்லீரலில் உண்டாகி இரத்தத்தோடு சுற்றி வருகின்றது. கல்லிக்ரீன் மடை திறப்போன். அது வெளிப்படுத்தும் கினினே பாயும் நீர். கினினேஸ் என்னும் நொதிப்பொருள்கள் வடிகால். சி-1 தடுப்பான் என்னும் புரதமே மேலாள்.

மடை திறப்போர் இருவகையினர் உளர். ஒருவகைக் கல்லிக்ரீன் இரத்தத்தில் உறங்கிக் கிடக்கும். காயம், அழற்சி முதலியன நேருங்கால் விழித்தெழுந்து பிராடிகினினை வெளிப்படுத்தும். மற்றொரு வகை சிறுநீரகம், கணையம், உமிழ்நீர்ச் சுரப்பி முதலிய உறுப்புக்களிலேயே பிறந்து, பத்து அமினோ அமிலங்களுள்ள கல்லிடின் என்னும் கினினை வெளிப்படுத்தும். இங்ஙனம் வெளிப்பட்ட கினின் உயிரணுக்களின் மேலுள்ள ஏற்குமிடங்களிற் பொருந்தித் தன் செய்தியைச் சொல்லும். அவ்விடங்கள் பி-1, பி-2 என இருவகைப்படும். பி-2 எக்காலமும் உள்ளது. பி-1 பெரும்பாலும் காயமும் அழற்சியும் கண்டவிடத்தே புதிதாய்த் தோன்றுவது.

அச்செய்தி யாது? இரத்தக் குழாய் விரிகின்றது. அதன் சுவர் நெகிழ்ந்து நீர் வெளியே கசிகின்றது. நோவு உணரும் நரம்பு தூண்டப்படுகின்றது. முள் தைத்த விரல் சிவத்தலும் வீங்கலும் வலித்தலும் பெரிதும் இத்தகைய பொருள்களின் வேலையே. துன்பமென்று நாம் வெறுக்கும் இவை மூன்றும் உண்மையில் உதவிகளாம். குழாய் விரிதலால் காத்தற்குரிய அணுக்கள் காயத்தை வந்தடைகின்றன. நோவினால் நாம் விரலை அசைக்காது காக்கின்றோம். சிறுநீரகத்திலோ, கினின் உப்பையும் நீரையும் வெளியேற்ற உதவி, இரத்த அழுத்தம் மிகாதபடி செய்கின்றது. உயர்ந்த இரத்த அழுத்தமுடையோரின் சிறுநீரிற் கல்லிக்ரீன் குறைந்திருத்தலை 1934-ஆம் ஆண்டிலேயே ஆராய்ச்சியாளர் குறித்துள்ளனர்.

இத்துணை வலிமையுடைய பொருள் நெடுநேரம் இரத்தத்தில் நின்றால் என்னாகும்? உடம்பெங்கும் வீங்கி, அழுத்தம் வீழ்ந்துவிடும். ஆதலின் இயற்கை அதற்கு மிகக் குறுகிய ஆயுளையே வகுத்தது. பிராடிகினின் இரத்தத்தில் ஒரு நிமிடமும் முழுமையாய் நிலைப்பதில்லை. நுரையீரலை ஒருமுறை கடப்பதற்குள்ளேயே அதன் பெரும்பகுதி அழிக்கப்படுகின்றது. கினினின் நன்மையெல்லாம் அது பிறத்தலில் மட்டுமன்று, உரிய காலத்தில் மறைதலிலும் அடங்கியுள்ளது. இவ்வொன்றை மனத்திற்கொண்டால், மேல்வரும் செய்திகள் யாவும் தாமே விளங்கும்.

ரோஷா இ சில்வாவின் மாணவராகிய செர்ஜியோ ஃபெரைரா என்பார் 1965-இல் அதே ஜராராக்கா நஞ்சினுள் வேறொரு பொருளைக் கண்டார். அது கினினை அழியவிடாது காத்து, அதன் வேகத்தைப் பெருக்குவது. அஃதாவது வடிகாலை அடைப்பது. அவர் அதனை இலண்டனுக்கு எடுத்துச் சென்று, பிற்காலத்தில் 1982-இல் நோபெல் பரிசு பெற்ற ஜான் வேன் என்பாருடன் ஆராய்ந்தார். இதற்கிடையில் வியப்பானதோர் உண்மை புலனாயிற்று. கினினை அழிக்கும் நொதிப்பொருளும், இரத்தக் குழாயை இறுக்கும் ஆஞ்சியோடென்சின் என்னும் பொருளை ஆக்கித்தரும் நொதிப்பொருளும் வேறுவேறல்ல, ஒன்றே என்பது 1970-ஆம் ஆண்டளவில் உறுதிப்பட்டது. ஒரு கை தளர்த்துவதை அழிக்கின்றது. மறு கை இறுக்குவதைப் படைக்கின்றது. அவ்வொன்றைத் தடுத்தால் இரு வழியாலும் அழுத்தம் குறையுமன்றோ? இக்கருத்தைப் பற்றிக்கொண்டு, பாம்பு நஞ்சின் பொருளை மாதிரியாய் வைத்து, அமெரிக்காவில் குஷ்மன், ஒண்டெட்டி என்போர் 1975-இல் காப்டோப்பிரில் என்னும் மருந்தைச் சமைத்தனர். 1981-இல் அது அந்நாட்டில் வழக்கிற்கு வந்தது. எனாலப்பிரில், ராமிப்பிரில், லிசினோப்பிரில் என ‘பிரில்’ என்று முடியும் மருந்துகள் யாவும் அதன் வழித்தோன்றல்களே. அவை உலகெங்கும் எண்ணிறந்தோரின் இருதயத்தையும் சிறுநீரகத்தையும் காத்துவருகின்றன. கொல்லும் நஞ்சு காக்கும் மருந்தாயிற்று.

எம் பாட்டியாரின் இருமலுக்கும் விடை இங்கேயே கிடைத்தது. மாத்திரை வடிகாலை அடைத்தது, நுரையீரலிலும் மூச்சுக்குழலிலும் அழிய வேண்டிய கினின் அழியாது தேங்கி, அங்குள்ள நரம்புகளைத் தூண்டிற்று, இருமல் பிறந்தது. இவ்வகை மாத்திரை உண்போரில், கணக்கெடுத்த இடத்திற்கேற்ப, நூற்றுக்கு 5 முதல் 35 பேர் வரை இவ்விருமல் காண்பதாகக் கூறுவர். மருந்தை மாற்றினால் பெரும்பாலும் ஒன்று முதல் நான்கு வாரத்தில் நிற்கும். மாற்றாகத் தரப்படும் லோசார்ட்டான் முதலியவை வடிகாலை அடைப்பனவல்ல. ஆஞ்சியோடென்சினின் ஏற்குமிடத்தை மட்டும் மறைப்பன. இதில் நினைக்கத்தக்கது ஒன்றுண்டு. பாட்டியாரை இருமச் செய்த அதே கினின்தான், அவருடைய இரத்தக் குழாய்களையும் ஓரளவு தளர்த்தி அழுத்தத்தைக் குறைத்தது. நன்மை செய்ததும் தீமை செய்ததும் ஒரே பொருள். இடம் மட்டுமே வேறு.

சிலர்க்கு இருமலோடு நில்லாது. நூற்றில் ஒருவரினும் குறைவானோர்க்கு, மாத்திரை தொடங்கிப் பல மாதங் கழிந்தபின்னுங்கூட, உதடும் நாவும் திடீரென வீங்கும். வீக்கம் தொண்டையைப் பற்றினால் மூச்சு அடைபடும். இதற்கு நிகரான வீக்கம் சில குடும்பங்களிற் பிறப்பிலேயே வருகின்றது. ஒரே குடும்பத்தில் ஐந்து தலைமுறை இந்நோய் தொடர்ந்து வந்ததை ஆஸ்லர் என்னும் புகழ்பெற்ற மருத்துவர் 1888-இல் எழுதினார். அதன் காரணமோ 1963-இல்தான் தெரியவந்தது. அவர்கள் உடம்பிற் சி-1 தடுப்பான் குறைவு. மடை திறப்போனைத் தடுக்கும் மேலாள் இல்லை. ஏறக்குறைய 50,000 பேரில் ஒருவர்க்கு இந்நோய் உண்டென மதிப்பிடுவர். தடிப்பும் அரிப்பும் உள்ள ஒவ்வாமை வீக்கத்திற்குத் தரும் மருந்துகள் இவர்களுக்குப் பயன்படா. ஏனெனின் அவ்வீக்கம் ஹிஸ்டமினால் வருவது. இது கினினால் வருவது. பி-2 இடத்தை மறைக்கும் இக்காட்டிபான்ட், கல்லிக்ரீனையே அடக்கும் லானடெலுமாப் முதலிய மருந்துகள் இந்நூற்றாண்டில் வந்துள்ளன. நோயின் பெயரறியாது ஒவ்வாமையென்றே எண்ணிக் காலம் போக்குவதுதான் இந்நோயில் பெரிய ஆபத்து.

இனிச் செந்தேளிடம் வருவோம். நம் நாட்டுத் தேள்களுள் மிகக் கொடியது அது. 1798-ஆம் ஆண்டில் டென்மார்க்கு நாட்டு ஃபபிரீசியஸ் என்னும் அறிஞர் அதற்கு இட்ட இனப்பெயர் ‘தாமுலஸ்’ என்பது. தமிழ் என்னும் சொல்லின் லத்தீன் வடிவமே அது. தமிழ் நூல்களை அச்சிட்டு ஐரோப்பாவிற்கு அறிமுகம் செய்த கிரௌல் பாதிரியார் தம் வரிசைக்கு ‘பிப்லியோதேக்கா தாமுலிக்கா’ என்று பெயரிட்டதை நம் வகுப்பினர் அறிவர். நம் மொழியின் பெயர் ஒரு நூல்வரிசைக்கும் வாய்த்தது. ஒரு தேளுக்கும் வாய்த்தது!

விறகுக் குவியலிலும், செங்கல் அடுக்கிலும், ஓலைக் கூரையிலும் பதுங்கும் இத்தேள் குழந்தைகளைக் கொட்டினால் உயிருக்கே ஆபத்து. அதன் நஞ்சு நரம்புகளை ஓயாது தூண்டும், உடம்பு வியர்க்கும், வாந்தி உண்டாகும், கைகால் சில்லிடும், அழுத்தம் ஏறி, இருதயம் தளர்ந்து, நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். மகாராஷ்டிர மாநிலத்து மகாட் என்னும் சிற்றூரில் தொண்டாற்றிய மருத்துவர் ஹிம்மத்ராவ் பவஸ்கர், பிரசோசின் என்னும் மலிவான மாத்திரை இதற்குச் சிறந்த மருந்தென்று கண்டு, 1986-இல் ‘லான்செட்’ இதழில் வெளியிட்டார். கடுமையாய்க் கொட்டப்பட்டோருள் நூற்றுக்கு 30 அளவிலிருந்த இறப்பு, இம்மருந்தால் நூற்றுக்கு 4-க்கும் கீழ் இறங்கிற்று. பிரசோசினுடன் நஞ்சுமுறி மருந்தும் சேர்த்துத் தந்தால் இன்னும் விரைவிற் குணமாகுமென்பதை, 70 நோயாளிகளை ஆராய்ந்து 2011-இல் அவரே காட்டினார். நம் கோரிமேட்டிலுள்ள ஜிப்மர் மருத்துவ நிலையத்துக் குழந்தை மருத்துவர் எஸ். மகாதேவன் 2000-ஆம் ஆண்டில் ‘இந்தியன் பீடியாட்ரிக்ஸ்’ இதழில் தேள் கொட்டினைப் பற்றி விரிவான கட்டுரை ஒன்று எழுதியுள்ளார். இது நமக்குத் தொலைவிலுள்ள செய்தியன்று.

கினினுக்கும் இதற்கும் தொடர்பு யாதெனின், கூறுதும். மேலே சொன்ன காப்டோப்பிரிலைச் செந்தேள் கொட்டினோர்க்கும் தந்து பார்த்த மருத்துவர் நம் நாட்டில் உண்டு. மும்பை மருத்துவர் சிலர் தாம் அவ்வாறு தந்து கண்ட பயனை 1989-இல் வெளியிட்டனர். இருதயத்தின் சுமையைக் குறைத்தற்கு அது தக்கதென்பது அவர் கொள்கை. வேறு சிலர் இதனை மறுத்தனர். “நுரையீரலில் நீர் கோத்தலுக்குக் கினினும் ஒரு காரணமாயிருப்பின், கினினை அழியவிடாத மருந்தைக் கொடுத்தல், வெள்ளம் வந்த காலத்து வடிகாலை அடைத்தலன்றோ?” என்பது அவர் வினா. பாம்பு நஞ்சிற் பிறந்த மருந்து தேள் நஞ்சிற்கு நன்றா, தீதா என்னும் இவ்வழக்கு, வெறும் ஏட்டு வழக்கன்று; மூச்சுத் திணறும் குழந்தையின் கட்டிலருகே நின்று தீர்க்க வேண்டிய வழக்கு.

காசி இந்துப் பல்கலைக்கழகத்து தேஷ்பாண்டே என்பாரும் அவர் மாணவரும் இவ்வினாவை எலிகளிடம் ஆராய்ந்தனர். செந்தேள் நஞ்சு நுரையீரலிலும் இருதயத்திலும் விளைக்கும் கோளாறுகளிற் கினினுக்குப் பங்குண்டென்பதை அவர்கள் 1998-ஆம் ஆண்டு முதல் வெளியிட்டு வந்தனர். அப்ரோட்டினின் என்றொரு பொருள் கல்லிக்ரீனை அடக்குவது. ஃப்ரை, கிரௌட், வெர்லே ஆகியோரே 1930-ஆம் ஆண்டளவில் மாட்டின் உறுப்புக்களினின்றும் கண்டெடுத்தது. அதனைப் பெற்ற எலிகளிடத்து நஞ்சின் கொடுமை குறைந்ததென்பது 2004-இல் அவர்கள் வெளியிட்ட முடிவு. எலியிற் கண்டதை உடனே மனிதர்மேல் ஏற்றிக் கூறுதல் ஆகாது. ஆயினும், காப்டோப்பிரிலை மறுத்தவர்களின் அச்சம் காரணமற்றதன்று என்பதற்கு இவ்வாராய்ச்சி சான்றாகும். இன்று செந்தேள் மருத்துவத்தில் பிரசோசினும் நஞ்சுமுறி மருந்துமே முதலிடம் பெற்றுள்ளன. பிரசோசின் கினினின் வடிகாலைத் தொடுவதன்று.

இதுகாறும் கூறியவற்றால் விளங்குவது யாது? கினினை நண்பனென்றோ பகைவனென்றோ பெயரிட்டு அழைத்தல் பொருந்தாது. சிறுநீரகத்தில் உரிய அளவிற் பிறந்து உடனே மறையுங்கால் அது காவலன்; தொண்டையில் தேங்குங்கால் அது தொல்லை; நுரையீரலிற் பெருகுங்கால் அதுவே கூற்றுவன். மிகுதியும் குறைவும் நோயென்பது நம் முன்னோர் கொள்கை. அதனோடு, இடமும் காலமும் பிறழ்தலும் நோயென்பதை இவ்வாராய்ச்சிகள் காட்டுகின்றன.

நம்மவர் கைக்கொள்ளத்தக்கன மூன்று. ‘பிரில்’ என முடியும் மாத்திரை உண்போர்க்கு வறட்டிருமல் கண்டால், தாமாக மாத்திரையை நிறுத்திவிடாது, மருத்துவரிடம் அம்மாத்திரையின் பெயரையும் சொல்லுக. உதடோ நாவோ வீங்கினால் ஒரு நாழிகையும் தாழாது மருத்துவமனைக்குச் செல்லுக. தேள் கொட்டிய குழந்தைக்கு வியர்வையும் வாந்தியும் கண்டால், மந்திரிப்போரையும் பச்சிலையையும் நாடிப் பொழுது போக்காது உடனே கொண்டுசெல்லுக. அம்மணித்துளிகளே உயிர்.

இவற்றையெல்லாம் ஒருநாள் மாலை பாட்டியாரிடம் கூறினேன். பொறுமையாய்க் கேட்டிருந்து, “அப்படியானால் அந்த மாத்திரை கெட்டதுதானே?” என்றார். “கெட்டதன்று, பாட்டி, எதிர்வீட்டுத் தாத்தா பத்து வருஷமாக அதையே சாப்பிட்டு நன்றாயிருக்கிறார். உங்களுக்குத்தான் ஒத்துக்கொள்ளவில்லை” என்றேன். அவர் சற்று நேரம் எண்ணிப் பார்த்து, “அதை முதலிலேயே ஒருவர் கேட்டிருக்கலாம்” என்றார். இப்பொழுது அவர் பூசையில் மீண்டும் முன்வரிசையில் அமர்ந்து பாடுகின்றார்.